சிரிப்புக் கூட்டத்தில் நீலாம்பாள்

கைலாசநாதன் சிரித்து நீலாம்பாள் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று போட்டோக்காரர் கெஞ்சிப் பார்த்தும் மாப்பிள்ளை உதட்டைக்கூட அசைக்கவில்லை. அந்தப் படம் இன்றும் கொல்லயில் ஊரில் அவர்கள் வீட்டின் முன்னறையில் தொங்குகிறது. பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு மனிதர் வரி பாக்கிக்கு நோட்டீஸ் கொடுக்க வந்தவரைப்போல நிற்கிறார்.

நீலாம்பாள் காட்டாக்கடையில் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மகள். அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் யாராவது ஒருவருக்குச் சிரித்துப் புரையேறாமல் இலையை எடுக்க மாட்டார்கள். நெய்யாற்றின்கரையில் படித்த நாளில், வகுப்பில் சிரித்ததற்காக வராந்தாவில் நிறுத்தப்பட்ட பெண்களில் முதல் ஆள் அவள். இங்கே வாழ வந்த புதிதில் எண்ணெயில் பொங்கிய பப்படம் ஒன்று அப்படியே மாமனாரின் கன்னம் மாதிரி இருக்கக் கண்டு தனியாகச் சிரித்துவிட்டாள். மாமியார் அடுக்களை வாசலில் வந்து நின்று, "பெண்டுகளுக்க சிரிப்பு நடைக்கு வெளிய கேக்கப்படாது, கேட்டியா" என்றாள். அன்றைக்கு வாயை மூடியதுதான். மாமியார் போய்ச் சேர்ந்து வெகு காலமான பிறகும் அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை.

கைலாசநாதனைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "சாயா", "சோறு", "மழை வருது, துணிய எடு" என்று ஒரு நாளைக்கு வேண்டிய பேச்சை மூன்று வாயில் முடித்துக்கொள்வார். மகள் மஞ்சு கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனபிறகு அதிலும் ஒன்று குறைந்தது. இப்படிப்பட்ட நல்ல மனிதர்களோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பாடு என்று வெளியே சொன்னால், சொன்னவளைத்தான் திமிர் பிடித்தவள் என்பார்கள். அதனால் நீலாம்பாள் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற மறு வருஷம் அவருக்குப் பிரஷர் ஏறியது. மாத்திரை மட்டும் போதாது, காலையில் வெளியே இறங்கி நடக்க வேண்டும், நாலு பேரோடு சேர வேண்டும் என்று உதியன்குளங்கரை டாக்டர் சொல்லிவிட்டார். கனால் என்று ஊரார் சொல்லும் கால்வாயின் கரையில் பஞ்சாயத்து மைதானம் உண்டு. பட்டாளத்தில் இருந்து வந்த கிருஷ்ணன்குட்டி அங்கே ஒரு கூட்டத்தைத் தொடங்கியிருந்தார். விடியல் என்று பொருள்படும்படி 'புலரி' என்று பெயர் வைத்து மஞ்சள் பனியனும் அடித்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதைச் சிரிப்புக் கூட்டம் என்றுதான் சொன்னார்கள். விடியும்போது கனால் கரையில் நடை, பிறகு வட்டமாக நின்று கைகால் வீச்சு, கடைசியில் இரண்டு கையையும் மேலே தூக்கி 'ஹோ ஹோ, ஹா ஹா' என்று சிரிப்பு. இதுதான் நடைமுறை.

மைதானத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வயல்தான். பாதி நெல், பாதி வாழை. காலையில் நீலாம்பாள் புட்டுக்கு மாவு நனைக்கும் நேரத்தில் அந்தக் கூச்சல் வயலைத் தாண்டி அடுக்களைக்கு வரும். 'ஹோ ஹோ' முடிந்தபிறகு கொஞ்சம் அமைதி. அதற்குப் பிறகு வேறொரு சிரிப்பு வரும், செய்ததல்ல, தானாக வந்தது. அதிலும் ஒரு ஆளின் சிரிப்பு தனியாகத் தெரியும். பெரிதாகக் கிளம்பி, கடைசியில் தண்ணீர் வற்றிய மோட்டார் காற்றை இழுப்பதுபோல 'ஈக் ஈக்' என்று நிற்கும். அதைக் கேட்டால் அவளுக்கும் உதடு தானாக விரியும். யாரோ கொடுத்துவைத்தவளின் புருஷன் என்று நினைத்துக்கொள்வாள்.

வேலிக்கு அப்பால் வாழைக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்த வேதமாணிக்கத்திடம் ஒருநாள் கேட்டே விட்டாள். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்.

"ஈக் ஈக்குன்னு சிரிக்குதது யாரு, அண்ணா?"

வேதமாணிக்கம் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து பார்த்தார். "எனக்க அக்கா, விளையாடுதியளா? அது உங்க சாருக்க சிரிப்பாக்கும். சாரு இல்லாத்த அன்னைக்கி எங்களுக்குச் சிரிப்பே வராது."

நீலாம்பாள் உள்ளே வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் புருஷனின் சிரிப்பைத் தனக்கு அடையாளம் தெரியவில்லை. வேலிக்காரர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஆனால் மனது என்ன செய்யும் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் சந்தோஷமும் வந்தது. இந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும்! உள்ளே இருக்கிறது, வெளியே வரவைத்தால் போதும்.

அன்று அவர் திரும்பி வந்ததும் முகத்தைப் பார்த்தாள். கனால் கரை வரை இருந்த ஏதோ ஒரு வெளிச்சம் வேலிப் படலையைத் திறந்த கையோடு அணைந்துபோயிற்று. "இன்னைக்கி அங்க என்ன விசேஷம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. சாயா எடு."

அதற்குப் பிறகு ஒரு காலையில், அவர் போனபிறகு, அவளும் செய்து பார்த்தாள். புட்டுக்குழலை அடுப்பில் வைத்துவிட்டு, அகப்பையும் கையுமாக இரண்டு கையையும் மேலே தூக்கி 'ஹோ ஹோ, ஹா ஹா' என்றாள். சத்தம்தான் வந்தது, சிரிப்பு வரவில்லை. மறுபடியும் செய்தாள். மூன்றாம் தடவை ஏதோ ஒன்று இளகி, தன்னை நினைத்தே சிரிப்பு வந்து, அது எப்போது அழுகையானது என்று தெரியாமல் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆரோக்கிய மையத்திலிருந்து நர்ஸ் அஜிஷா மைதானத்துக்கு வருவாள், எல்லாருக்கும் பிரஷர் பார்ப்பாள். அப்படி ஒருநாள் போகிற வழியில் வீட்டுக்கு வந்து நீலாம்பாளுக்கும் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள். "அம்மே, இது சாரின விட உங்களுக்காக்கும் கூடுதல். வீட்டுக்குள்ளேயே இருந்தா குறையாது. பெண்ணுங்களும் வருதாவ, விஜயம்மா சேச்சி உண்டு. நாளைலிருந்து இறங்குங்க."

நீலாம்பாள் அதை அவரிடம் சொன்னாள். கைலாசநாதன் பத்திரிகையை மடக்கினார். அதுவே ஒரு அதிசயம்.

"உனக்கு எதுக்கு அங்க? முற்றத்தில நடந்தா போதும்."

"நர்சு செல்லுது..."

"மழைக்காலம் கழியட்டு. பாப்போம்."

அவளுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. பிரஷர் ஏறட்டும், இறங்கட்டும். அந்த மனிதர் வாயைத் திறந்து சிரிப்பதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். தன்னைப் பார்த்துச் சிரித்தால் இன்னும் நல்லது. ஒரு பெண்பிள்ளை புருஷனிடம் கேட்கக்கூடிய காரியத்தில் இதைவிட மலிவு ஏதாவது உண்டா?

மழைக்காலம் முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே, அவர் போய்க் கொஞ்சம் கழித்து, வெள்ளைக் கரைச் சேலை உடுத்து, மகள் விட்டுப்போன கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு வயல் வரப்பு வழியாக மைதானத்துக்குப் போனாள். நடை முடிந்து எல்லாரும் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் கைலாசநாதனின் கை பாதியில் நின்றது. மற்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வா என்று வரவேற்கிற சிரிப்புதான். ஆனால் அதற்குள் வேறு ஏதோ இருந்தது. இதற்குமுன் பேசியிராத ஆட்கள்கூட வெகுநாள் பழகியவளைப் பார்ப்பதுபோல பார்த்தார்கள்.

"வரூ சேச்சி, வரூ!" என்று கிருஷ்ணன்குட்டி இரண்டு கையையும் விரித்தார். "நாங்க எல்லாரும் காத்திருந்ததாக்கும். முதல்ல அந்த அடுக்களைச் சிரிப்பு ஒண்ணு காணிக்கணும். அகப்பையைப் பொக்கிப் பிடிச்சுட்டு. அகப்பை கொண்டுவந்தியளா?"

வட்டம் முழுக்க கொல்லென்று சிரித்தது. நீலாம்பாள் கைலாசநாதனைத் திரும்பிப் பார்த்தாள். அகப்பையா? அவர் எப்போது பார்த்தார்? அன்றைக்கு மூக்குக்கண்ணாடியையோ எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார், பின்வாசலில் நின்று பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கிறார். போய் இங்கே கண் காது வைத்துச் சொல்லியிருக்கிறார்.

கிருஷ்ணன்குட்டியின் மனைவி விஜயம்மா அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். சும்மா 'ஹோ ஹோ' என்றால் எத்தனை நாள் சிரிப்பு வரும்? அதனால் கடைசியில் ஒவ்வொருத்தர் ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கட்சியைப் பற்றிச் சொன்னார்கள், அடிதடி வரை போயிற்று. கோயில், சர்ச் என்று சொன்னதில் இரண்டு பேர் கூட்டத்தையே விட்டார்கள். தமிழ்க்காரன், மலையாளத்துக்காரன் என்று கேலி பேசியதில் ஒருத்தன் இன்னும் முகம் கொடுப்பதில்லை. கடைசியில் கிருஷ்ணன்குட்டி ஒரு சட்டம் வைத்தார். இனி அவனவன் வீட்டு விசேஷம் மட்டும்தான். அதில் யாருக்கும் கோபம் வராது.

"உங்க சாரு இருக்காரே, ஓ, அவரு செல்லித்தான் கேக்கணும்" என்றாள் விஜயம்மா. "நீங்க பால் பாத்திரத்தோட பாத்ரூம் பக்கம் வழுக்கி விழுந்து, இடுப்பு போச்சேன்னு விளிக்காம பாலு போச்சேன்னு விளிச்சியளே, அன்னைக்கி நான் சிரிச்சுச் சிரிச்சு வயிறு பிடிச்சுப்போச்சு. பெங்களூரு தூரமாச்சேன்னு போன்ல மகளுக்கக் கிட்ட சத்தம் போடுததும் செல்லியிருக்காரு. அம்மைக்க படத்தப் பாத்து சீரியல் கதை செல்லி அழுததும்..."

யாருக்கும் கோபம் வராத சட்டம்! வீட்டில் இருக்கிறவர்களைக் கேட்டா வைத்தார்கள்? நீலாம்பாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வீட்டில் அவர் தன்னைக் கவனிப்பதே இல்லை என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். விழுந்த அன்றைக்குத் தூக்கிவிட்டு, தைலம் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு சொல் கேட்காமல் போய் உட்கார்ந்தாரே, அப்போது மனதுக்குள் அதைக் கோத்துக்கொண்டிருந்திருக்கிறார். தன் அம்மாவின் படத்துக்கு முன்னால் அழுததை அவர் பார்த்ததாகக்கூட அவளுக்குத் தெரியாது. அதையும் கொண்டுவந்து இங்கே பரப்பியாகிவிட்டது.

அவள் திரும்பிப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தாள். அதற்குள் கிருஷ்ணன்குட்டி, "இன்னைக்கி புது ஆளு. சேச்சி ஒண்ணு செல்லட்டு" என்று கையைத் தட்டிவிட்டார். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். கைலாசநாதன் கனாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலாம்பாளுக்குக் கோத்துச் சொல்லத் தெரியாது. நெஞ்சில் இருந்தது அப்படியே வந்தது.

"இவரு வீட்டில சிரிச்சு நான் ஒருக்காகூட கண்டதில்ல" என்றாள்.

மைதானம் அதிர்ந்தது. கிருஷ்ணன்குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தேவிட்டார். வேதமாணிக்கம் தோர்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்தார். "வீட்டில சிரிக்காத்த ஆளா? கைலாசம் சாரா? எனக்க அம்மோ!" என்று விஜயம்மா அவள் தோளில் சாய்ந்தாள். சொன்னது பச்சை உண்மை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கூட்டத்தில் இதுவரை யாரும் சொல்லாத நல்ல தமாஷ் அதுதான் என்று முடிவாகிவிட்டது.

கைலாசநாதனும் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வாய் திறந்தது, பின் பல் இரண்டு இல்லாததுகூடத் தெரிந்தது. கடைசியில் 'ஈக் ஈக்'. அவளை நேராகப் பார்த்துச் சிரித்தார். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த இடத்தில் நின்றுகொண்டு, இதற்கா இத்தனை வருஷம் என்று அவளுக்கு நெஞ்சு கசந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது வழக்கம்போல அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால். படலைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, திரும்பாமலே சொன்னார். "நாளைக்கும் வா. எல்லாவனுக்கும் இஷ்டப்பட்டுது."

போகக் கூடாது என்றுதான் படுத்தாள். காலையில் ஷூவைத் தேடினாள். இதற்காக அவளைக் குறை சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு வட்டம் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு அவள் பேச்சைக் கேட்டார்கள். காட்டாக்கடை வீட்டுப் படியை இறங்கிய நாளிலிருந்து அவளுக்கு அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

அன்றைக்கு அவள் பல்லி விழுந்த கதையைச் சொன்னாள். குளிக்கப் புறப்பட்டவர் தோளில் பல்லி விழுந்ததும், ஈரிழைத் தோர்த்தோடு அலமாரி முன்னால் நின்று பஞ்சாங்கத்தில் பலன் தேடினார். விழுந்தது வலது தோளிலா, இடது தோளிலா என்று மறந்துபோய், "எட்டி, பல்லி எங்க விழுந்துது?" என்று அவளைக் கூப்பிட்டார். பல்லி அதற்குள் பஞ்சாங்கத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கூட்டம் சிரித்து ஓய நேரம் பிடித்தது. மறுநாள், கண்ணாடியில் தெரிகிற முன்மயிருக்கு மட்டும் அவர் சாயம் பூசுவதைச் சொன்னாள். அதற்கும் மறுநாள், இனிப்பு ஆகாது என்று டாக்டர் விலக்கிய சர்க்கரை வரட்டியை, அந்த வெல்லம் புரட்டிய வாழைக்காய் வறுவலைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்து, கும்பிடுவதுபோல நின்று தின்பதைச் சொன்னாள். ஜவுளிக்கடைக்காரரின் மகள் அல்லவா, சரக்கை விரித்துக் காட்ட ரத்தத்திலேயே இருந்தது.

கைலாசநாதனும் விடவில்லை, அவளைப் பற்றிப் புதிதாகக் கொண்டுவந்தார். ஆனால் கூட்டம் அவள் முறைக்குக் காத்திருந்தது. அவர் சிரிப்பின் கடைசியில் இருந்த 'ஈக் ஈக்' ஒருநாள் வராமல் போயிற்று. பிறகு வரவே இல்லை.

அடுத்த மாதம் அஜிஷா வந்தாள். நீலாம்பாளின் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்தவள் முகம் மலர்ந்தது. "அம்மே, நல்லா குறஞ்சு போச்சே! பாத்தியளா, வெளிய இறங்கி நாலு பேருகூட சிரிச்சா இப்படியாக்கும்." கைலாசநாதனுக்குப் பார்த்துவிட்டு, "சாருக்குக் கொஞ்சம் கூடியிருக்கு. உப்பு குறைக்கணும்" என்றாள். கிருஷ்ணன்குட்டி கூட்டத்தைக் கூட்டி நிறுத்தி, சிரிப்பைவிடப் பெரிய மருந்து கிடையாது என்று நீலாம்பாளைக் காட்டிப் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நீலாம்பாளுக்கு உடம்பு லேசாகத்தான் இருந்தது, தூக்கமும் வந்தது. இந்த அசிங்கத்தைத் தின்று உடம்பு தேறுகிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் போவதை நிறுத்தவில்லை.

வீட்டில் பேச்சு முன்பைப்போலத்தான், ஒன்றும் கூடவில்லை. கண் மட்டும் கூடியது. அவள் குனிந்து நிமிர்ந்தால் அவர் பார்ப்பார். அவர் செருப்பை மாற்றிப் போட்டால் அவள் பார்ப்பாள். தும்மல் வந்தால் அவள் அடக்கிக்கொண்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். கண்ணாடி முன்னால் நிற்பதாக இருந்தால் கதவைத் தாழ்போட்டார். மஞ்சு போனில், "அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நடக்கப் போறியளாமே, கேக்கவே நல்லா இருக்கு" என்றாள். நீலாம்பாள் சத்தம் போடாமல், தணிந்த குரலில், "ஆமா மக்கா" என்றாள். சத்தம் போட்டால் அது மறுநாள் மைதானத்துக்குப் போய்விடும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு பகலில் கைலாசநாதன் கிணற்றடிக்குப் போனார். துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி பிடித்திருந்தது. கால் இழுத்துவிட்டது. அலசிய துணி வைத்திருந்த பிளாஸ்டிக் பேசினில் அப்படியே உட்கார்ந்து, பேசினோடு சேர்ந்து சரிந்து, அவள் சேலை ஒன்று தலையில் சுற்றிக்கொள்ள மல்லாந்தார். முழங்கை கல்லில் அடித்துத் தோல் பெயர்ந்தது.

சத்தம் கேட்டு நீலாம்பாள் அடுக்களை வாசலுக்கு வந்தாள். வந்தவள் நின்றாள். 'நான் ஓடிப்போய்ப் பாத்தா, மகாராசா எனக்க சேலையத் தலைப்பா கட்டிட்டு பேசினில இருக்காரு' என்று முதல் வாக்கியம் அவள் மனதில் தானாக வந்து உட்கார்ந்தது. அடுத்த வாக்கியமும் வந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் வேதமாணிக்கம் தோர்த்தை எடுப்பார் என்றுகூடத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ரத்தம் கண்ணில் பட்டது. விழுந்து கிடக்கிற மனிதரைத் தூக்க வேண்டும் என்று தனக்கு முதலில் தோன்றவில்லையே என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கைலாசநாதன் சேலையை விலக்கி அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று அந்த வட்டாரத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

"எட்டி" என்றார். "இத நாளைக்கிச் செல்லாத."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் வேண்டிக்கேட்ட ஒரே காரியம் அதுதான். அவளுக்கு மனது இளகத்தான் செய்தது. ஆனால் வாய் வேறு மாதிரிப் பேசிற்று.

"பாலோட நான் விழுந்ததச் செல்லும்ப, எனக்கக் கிட்ட கேட்டியளா?"

அவள் கை கொடுத்துத் தூக்கி, படியில் உட்காரவைத்து, முழங்கையைக் கழுவி மருந்து போட்டாள். எரிந்திருக்கும், அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் மருந்துக் குப்பியை மூடும்போது மெதுவாகச் சொன்னார்.

"அப்ப நானே செல்லுதேன். நீ செல்லாண்டாம்."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே வரப்பில் இறங்கினார்கள். அவருக்கு இடுப்பில் வலி இருந்தது, சற்றுச் சாய்ந்துதான் நடந்தார். ஆனாலும் நடையில் வேகம் இருந்தது. நீலாம்பாளும் பின்தங்கவில்லை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே எட்டி வைத்தாள். இரண்டு பேர் இப்படி ஒரே அடியில் வருவதைப் பார்த்து மைதானத்திலிருந்து விஜயம்மா சந்தோஷத்தோடு கையை ஆட்டினாள். யார் முதலில் சொல்வது என்பதில்தான் அவர்களுக்கு அவசரம்.